பட்டமும் பட்டறிவும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. எழுத்தறியாதவனைக் கண்ணிருந்தும் காணாதவன் என்று சொல்வதும் நம் வழக்கம். இவ்விரண்டையும் சொன்னவர்கள் ஒரே மக்கள்தாம். நூற்கல்வியை ஒரு வேளை எள்ளி நகையாடுகிறோம்; மறு வேளை அதனையே கண்ணென்று போற்றுகிறோம். இந்த இருமனம் எழுத்தாளரைப் பற்றிப் பேசும்போது இன்னும் மிகுந்து தோன்றுகிறது. நல்ல எழுத்து எங்கிருந்து பிறக்கிறது? கல்லூரியில் முறையாகக் கற்ற கல்வியிலிருந்தா? அல்லது உலகில் அலைந்து, உழைத்து, அடிபட்டுப் பெற்ற அநுபவத்திலிருந்தா? பட்டம் பெரிதா, பட்டறிவு பெரிதா?

இவ்வினாவுக்கு விடை காண நாம் தத்துவ ஆராய்ச்சியில் இறங்க வேண்டுவதில்லை. பாரத நாட்டின் இலக்கிய வரலாற்றில் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளைப் புரட்டிப் பார்த்தாலே போதும். பட்டம் பெற்ற மேதைகளும், பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய மேதைகளும், பள்ளிக்கூடத்தின் வாயிற்படியையே மிதிக்க இயலாத மேதைகளும் அங்கே ஒருவர் பின் ஒருவராக நமக்குக் காட்சி தருகிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவு செய்துகொள்வோம். திண்ணைப் பள்ளிக்கூடங்களும், வடமொழிக் கல்வி நடந்த தோல்களும், மதரஸாக்களும், குருகுலங்களும் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வந்தவை. ஆனால் வகுப்பு, பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் என்று நாம் இன்று எதனைக் கல்வி என்கிறோமோ அது ஆங்கிலேயர் ஆட்சியில் உருவானது. 1835ஆம் ஆண்டில் மெக்காலே தம் குறிப்பை எழுதினார். 1854ஆம் ஆண்டில் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை வந்தது. 1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் சர்வகலாசாலைகள் நிறுவப்பெற்றன. அக்காலத்தில் பட்டம் என்பது பெரும்பாலும் உத்தியோகத்தின் வாயில். அவ்வாயிலைத் திறக்கும் சாவி ஆங்கில மொழி. எழுத்தாளரை உருவாக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டில் இருந்ததாகச் சொல்ல இடமில்லை. ஆயினும் அந்த வாயிலின் வழியாகவே முதல் பெரும் நாவலாசிரியர் ஒருவர் வெளிவந்தார்.

அவர் பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயர். கல்கத்தா சர்வகலாசாலை 1858ஆம் ஆண்டில் முதன்முறையாக பி.ஏ. பட்டம் வழங்கியபோது அதனைப் பெற்றவர் இருவரே. அவ்விருவருள் பங்கிமர் ஒருவர். பட்டம் கைக்கு வந்த அவ்வாண்டிலேயே டெபுடி மாஜிஸ்திரேட் பதவியும் வந்தது. பட்டதாரி என்ற முறையில் அவர் முதலில் எழுதத் தொடங்கிய நாவல் ஆங்கிலத்தில் அமைந்தது. 1864ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகையில் தொடராக வந்த அந்நூலை இன்று ஆராய்ச்சியாளர் தவிரப் பிறர் படிப்பது அரிது. மறு ஆண்டே அவர் வங்காளிக்குத் திரும்பி ‘துர்கேச நந்தினி’யை வெளியிட்டார். அன்று முதல் வங்க நாவல் தன் காலில் நிற்கலாயிற்று.

இடையில் நிகழ்ந்தது என்ன? கல்லூரியில் அவர் கற்ற ஆங்கில நூல்கள் நாவல் என்னும் வடிவத்தை அவருக்கு அறிமுகம் செய்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வடிவத்துக்குள் உயிரைப் பெய்தது வேறொரு கல்வி. ஜெஸ்ஸூர், குல்னா, மேதினிபுரிக் கடற்கரை என்று ஊர் ஊராக மாற்றப்பட்டு, நீதிபீடத்தில் அமர்ந்து, அவுரித் தோட்ட முதலாளிகளின் அட்டூழியங்களையும் குடியானவர்களின் முறையீடுகளையும் நாள்தோறும் கேட்டுவந்தார். ‘கபால குண்டலா’வின் மணற்குன்றுகளும் காடும் அந்தக் கடற்கரைப் பணியிடம் தந்தவை. 1872ஆம் ஆண்டில் தாம் தொடங்கிய ‘வங்க தர்சனம்’ பத்திரிகையில் வங்கநாட்டு உழவரைப் பற்றி எழுதியபோது, ஹாஷிம் ஷேக், ராமா கைவர்த்தன் என்ற இரண்டு ஏழை உழவர்களை நிறுத்தி, நாடு முன்னேறுகிறது என்று முழங்குகிறார்களே, அந்த முன்னேற்றத்தில் இவர்களுக்கு என்ன பங்கு என்று வினவினார். இந்த வினா கல்லூரிப் பாடத்தில் இருந்ததன்று. நீதிமன்றத்துக் கூண்டின் முன் கைகட்டி நின்றவர்கள் அவருக்குக் கற்பித்தது. முதற் பட்டதாரியின் வரலாறே பட்டத்தோடு முடியவில்லை என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

பங்கிமருக்கு அடுத்த தலைமுறையில் வந்தவர் கவியரசர் ரவீந்திரநாதர். பள்ளிக்கூடத்தை வெறுத்தவர் என்று அவர் பெயர் பெற்றிருக்கிறார். கல்கத்தாவில் பள்ளிக்குப் பள்ளி மாறியும் எதிலும் அவர் நிலைக்கவில்லை. 1878ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்று, லண்டன் யூனிவர்சிடி கல்லூரியில் சில காலம் பயின்று, பட்டம் எதுவுமின்றி 1880ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். இதனை எடுத்துக்காட்டி, தாகூரே படிக்கவில்லை, நாம் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கும் இளைஞர்களை நாம் கண்டிருக்கிறோம்.

அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஜோராசாங்கோ மாளிகையில் விடியற்காலையில் மற்போர்ப் பயிற்சியில் தொடங்கி, கணிதம், வங்காளி, வடமொழி, ஓவியம், இரவில் ஆங்கிலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் வந்துகொண்டிருந்தார். தத்துவ ஞானியான தந்தை, கவிஞரும் நாடகாசிரியரும் இசைவாணருமான தமையன்மார், வீட்டிலிருந்தே வெளிவந்த பத்திரிகை ஆகியவற்றின் நடுவே அவர் வளர்ந்தார். அந்த வீடே ஒரு சர்வகலாசாலை. பள்ளியை விட்ட பிள்ளைக்கு அத்தகைய வீடு வாய்ப்பது கோடியில் ஒருவருக்கே.

இருந்தும் அந்த மாளிகை கற்பிக்காத பாடம் ஒன்று எஞ்சியிருந்தது. 1890ஆம் ஆண்டை ஒட்டிக் குடும்பத்தின் ஜமீன் நிலங்களைக் கவனிக்கும் பொறுப்பு ரவீந்திரரிடம் வந்தது. ஷிலைதஹா, ஷாஜாத்பூர், பதிசர் என்று பத்மா நதியின் மேல் படகிலேயே வாசம் செய்து, குத்தகைக்காரர்களின் வழக்குகளைக் கேட்டு, நதிக்கரைக் கிராமங்களின் இன்பதுன்பங்களைக் கண்ணெதிரே கண்டார். ஷாஜாத்பூரில் ஜமீன் கட்டடத்திலேயே தபால் நிலையமும் இருந்தது. நகரத்திலிருந்து வந்து தனிமையில் வாடிய போஸ்ட் மாஸ்டர் அவரிடம் வந்து பேசிக்கொண்டிருப்பார். 1891ஆம் ஆண்டில் வெளிவந்த ‘போஸ்ட் மாஸ்டர்’ என்னும் சிறுகதை இந்தச் சூழலில் பிறந்தது. வங்கச் சிறுகதையின் பொற்காலம் அந்தப் படகிலிருந்து தொடங்கியது என்றால் மிகையாகாது. மறு ஆண்டே அவர், பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி வேண்டும் என்று வாதாடும் கட்டுரையை எழுதினார். 1901ஆம் ஆண்டில் சாந்திநிகேதனத்தில் பள்ளியையே நிறுவினார். பள்ளியை வெறுத்தவர் வாழ்நாளில் பாதியைப் பள்ளி நடத்துவதில் செலவிட்டார்! அவர் வெறுத்தது கல்வியை அன்று. உயிரற்ற கல்விமுறையையே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி, செல்வமும் மாளிகையும் இல்லாத ஒருவரிடம் வருவோம். காசிக்கு அருகே லமஹி என்னும் சிற்றூரில் 1880ஆம் ஆண்டில் தனபத்ராய் பிறந்தார். தந்தை தபால் இலாகாவில் சிறு குமாஸ்தா. தாயைச் சிறுவயதிலேயே இழந்தவர். கோரக்பூரில் பள்ளி மாணவராயிருந்தபோது கதைப் பித்துப் பிடித்தது. புத்தகம் வாங்கக் காசில்லை. புத்தகக் கடைக்காரர் ஒருவருடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். பரீட்சைக்கு உதவும் குறிப்புப் புத்தகங்களை அக்கடையிலிருந்து எடுத்துச் சென்று பள்ளியில் மாணவர்களுக்கு விற்றுக் கொடுப்பது. அதற்கு ஈடாகக் கடையிலுள்ள உருது நாவல்களை இலவசமாகப் படித்துக்கொள்வது. பள்ளிப் பாடத்துக்கான குறிப்பை விற்று இலக்கியத்தை வாங்கிய அந்தச் சிறுவனே பிற்காலத்துப் பிரேம்சந்த்.

1897ஆம் ஆண்டில் தந்தை காலமானார். குடும்பப் பாரம் தலைமேல் விழுந்தது. மறு ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேறினார். மேலே படிக்க ஆசை. ஆனால் கணிதம் வழியை மறித்து நின்றது. கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. ஒரு வக்கீலின் பிள்ளைக்கு மாதம் ஐந்து ரூபாய்ச் சம்பளத்தில் பாடம் சொல்லிக் கொடுத்து, குதிரை லாயத்துக்கு மேலிருந்த மண் அறையில் தங்கி, சம்பளத்தில் பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினார். ஒரு நாள் கையில் காசு முற்றும் தீர்ந்தது. இரண்டு ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்த கணித விளக்கப் புத்தகத்தை ஒரு ரூபாய்க்கு விற்கப் புத்தகக் கடைக்குச் சென்றார். அக்கடையில் தற்செயலாகச் சந்தித்த தலைமையாசிரியர் ஒருவர், தம் சிறு பள்ளியில் பதினெட்டு ரூபாய்ச் சம்பளத்தில் ஆசிரியர் வேலை தருவதாகச் சொன்னார். கணிதப் புத்தகத்தை விற்கச் சென்ற இடத்தில் வாழ்க்கைக்கு வழி பிறந்தது.

பின்னர் பள்ளிகளின் துணை ஆய்வாளராகி, ஹமீர்பூர் ஜில்லாவின் கிராமங்களில் மாட்டுவண்டியில் சுற்றினார். 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸோஸே வதன்’ என்னும் சிறுகதைத் தொகுதியை ராஜத்துரோகம் என்று கருதிய ஜில்லா அதிகாரி, அவரை வரவழைத்துக் கண்டித்தார், பிரதிகள் தீக்கிரையாயின. அதன் பின்னரே பிரேம்சந்த் என்ற புனைபெயர் தோன்றியது. இத்தனைக்கும் இடையே பட்டத்தின் மீதிருந்த ஆசை அவரை விடவில்லை. இன்டர்மீடியட் பரீட்சையில் கணிதத்தால் மீண்டும் மீண்டும் தவறினார். கணிதம் கட்டாயம் அல்ல என்று விதி மாறிய பின்னரே, 1916ஆம் ஆண்டில் அதில் தேறினார். 1919ஆம் ஆண்டில், முப்பத்தொன்பதாம் வயதில் பி.ஏ. பட்டமும் பெற்றார். அதற்குள் அவர் பெயர்பெற்ற எழுத்தாளர்! இரண்டே ஆண்டுகளில், 1921ஆம் ஆண்டு பிப்ரவரியில், கோரக்பூரில் காந்தியடிகளின் பேச்சைக் கேட்டு, அரசாங்க உத்தியோகத்தை உதறினார்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது என்ன? ‘கோதான’த்தின் ஹோரியைப் படைக்க பி.ஏ. பட்டம் உதவியது என்று எவரும் சொல்லார். ஒரு பசுவுக்காக ஏங்கி, கடனில் மூழ்கி, சாலை வேலையில் உயிர்விடும் அந்த உழவனை அவர் லமஹியிலும் ஹமீர்பூரிலும் கண்டார். ஆனால் அந்த உழவனைப் பற்றி எப்படி எழுதுவது என்பதை அவர் எங்கே கற்றார்? உருதுக் கதைகளிலிருந்து டிக்கன்ஸ் வரை, டால்ஸ்டாயிலிருந்து கால்ஸ்வொர்தி வரை அவர் இடைவிடாது படித்தார். டால்ஸ்டாயின் கதைகளையும் கால்ஸ்வொர்தியின் நாடகங்களையும் ஹிந்தியில் பெயர்த்தார். அவர் படிக்காத மேதை அல்லர். பரீட்சையின் துணையின்றி, அதன் தடையையும் மீறிப் படித்த மேதை. அவருடைய ‘சேவாசதனம்’ 1938ஆம் ஆண்டில் ஸ்ரீமதி எம்.எஸ். சுப்புலக்ஷ்மி நடிக்கத் தமிழ்த் திரைப்படமாக வந்ததை நம் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். லமஹியின் குமாஸ்தா மகன் கண்ட வாழ்க்கை தமிழகத்துப் பெண்களின் வாழ்க்கையாகவும் இருந்தது.

இதே வழியில் சென்ற இன்னும் இருவரைச் சுருங்கச் சொல்வோம். சரத் சந்திரர் என்ட்ரன்ஸ் பரீட்சையில் தேறியவர். வறுமையால் கல்லூரிப் படிப்பை முடிக்க இயலவில்லை. 1903ஆம் ஆண்டில் பர்மாவுக்குச் சென்று ரங்கூனில் கணக்குக் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். மிஸ்திரிகளும் கூலிகளும் குடியிருந்த பகுதியில் அவர்களோடு ஒருவராக வாழ்ந்தார். அந்த ஆண்டுகளிலேயே ரங்கூன் நூலகத்தில் வரலாறும் சமூகவியலும் தத்துவமும் தேடித் தேடிப் படித்தார் என்பதையும் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். கல்லூரியை முடிக்காத அவருக்கு 1936ஆம் ஆண்டில் டாக்கா சர்வகலாசாலை டாக்டர் பட்டம் அளித்தது.

மலையாளத்து வைக்கம் முகம்மது பஷீர் உயர்நிலைப் பள்ளியை விட்டு 1930ஆம் ஆண்டில் கோழிக்கோட்டு உப்புச் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து, கண்ணனூர்ச் சிறைக்குச் சென்றவர். பின்னர்ப் பல ஆண்டுகள் பாரதம் முழுவதும் அலைந்தார். சமையற்காரர், காவற்காரர், பழ வியாபாரி, கைரேகை சோதிடர் என்று அவர் பார்த்த வேலைகளுக்குக் கணக்கில்லை. எர்ணாகுளத்தில் புத்தகக் கடையும் வைத்திருந்தார். பள்ளியாசிரியரான தம்பி தம் எழுத்தில் இலக்கணப் பிழை கண்டு, எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று கடிந்துகொண்டதைப் பஷீர் ‘பாத்தும்மாவின் ஆடு’ என்ற நூலில் தாமே நகைச்சுவையோடு எழுதி வைத்திருக்கிறார். இலக்கணம் அறிந்த தம்பிக்குக் கிட்டாத மொழி அண்ணனுக்குக் கிட்டியது. அது அடுக்களையிலும் படகுத்துறையிலும் மக்கள் பேசிய மொழி. ஆனால் அவருடைய ‘பால்யகால சகி’ 1944ஆம் ஆண்டில் வெளிவந்தபோது அதன் பெருமையை உணர்ந்து முன்னுரை எழுதியவர் யார்? ஆங்கில இலக்கியம் கற்பித்த பேராசிரியர் எம்.பி. பால். பட்டறிவின் எழுத்தை இன்னதென்று அடையாளம் கண்டு உலகுக்குக் காட்டியது, நூற்கல்வியில் தோய்ந்த ஒரு கண்ணே.

இதுகாறும் சொன்னவற்றைக் கொண்டு, அநுபவமே போதும், பள்ளிக்கூடம் வேண்டுவதில்லை என்று முடிவு கட்டிவிடலாமா? அங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். மேலே கண்டவர் அனைவரும் பட்டம் இல்லாதவராகவோ, பட்டத்தைப் பின்னர்ப் பெற்றவராகவோ இருக்கலாம்; ஆனால் எழுத்து என்னும் சாவி அவர்கள் கைக்குச் சிறுவயதிலேயே வந்துவிட்டது. அச்சாவியே கிட்டாதவர்களின் நிலை என்ன?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு வங்காளத்தில் பிறந்தவர் ராஸசுந்தரி தேவி. சிறுமியாயிருந்தபோது வீட்டின் வெளிமுற்றத்தில் நடந்த ஆண்பிள்ளைகளின் பள்ளியருகே ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் உரக்கச் சொன்ன எழுத்துகள் காதில் விழுந்தன. அவருக்கென்று எவரும் கற்பிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் மணம். பிறகு பெரிய குடும்பத்தின் சமையலும், பன்னிரண்டு மக்களின் பேறும் வளர்ப்பும். எழுத்தறிந்த பெண் கைம்பெண் ஆவாள் என்று ஊர் நம்பிய காலம் அது. கடவுளின் சரித்திரத்தைத் தாமே படிக்க வேண்டும் என்ற தாகம் மட்டும் அவர் நெஞ்சில் அணையாமல் இருந்தது.

ஒரு நாள் கணவர் படிக்கும் ‘சைதன்ய பாகவதம்’ சமையலறைப் பக்கம் வைக்கப்பட்டது. அக்காலத்து ஏடுகள் தனித்தனித் தாள்களாகக் கட்டப்பட்டவை. ராஸசுந்தரி ஒரு தாளை மெல்ல உருவி ஒளித்துக்கொண்டார். மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டார். அடுப்பின் முன் அமர்ந்து, முக்காட்டின் மறைவில், ஓலையின் எழுத்தையும் தாளின் எழுத்தையும் ஒப்பிட்டு, சிறுவயதில் காதில் விழுந்த ஒலிகளை நினைவுக்குக் கொண்டுவந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். எவர் கண்ணிலும் பட்டுவிடுமோ என்ற அச்சம் நாள்தோறும் இருந்தது. எழுதக் கற்றது இன்னும் பல்லாண்டுகள் கழித்து. முதுமையின் வாயிலில் அவர் எழுதிய ‘ஆமார் ஜீபன்’ என்னும் நூல் வங்காளியில் வெளிவந்த முதற் சுயசரிதமாகப் போற்றப்பெறுகிறது.

அநுபவத்துக்கு அவரிடம் என்ன குறை? ராஸசுந்தரியைப் போன்ற அநுபவம் வங்காளத்தின் ஒவ்வொரு சமையலறையிலும் இருந்தது. நூல் எழுதியவர் ஒருவரே. மற்றவர்களின் வாழ்க்கை அடுப்புப் புகையோடு மறைந்தது. அநுபவம் மட்டுமே எழுத்தாளரைப் படைக்குமானால் நம் நாட்டின் ஒவ்வொரு வயலிலும் ஒரு காவியம் விளைந்திருக்க வேண்டும் அன்றோ?

மகாராஷ்டிரத்து அண்ணாபாவு சாட்டேயின் கதையும் இதனையே சொல்கிறது. 1920ஆம் ஆண்டில் வாடேகாவ் என்ற ஊரில், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மாங் சமூகத்தில் பிறந்தார். பள்ளியில் அவர் இருந்தது இரண்டு நாள்கூட இல்லை. சாதி அவரை அங்கே இருக்க விடவில்லை. குடும்பத்தோடு பம்பாய்க்கு நடந்தே வந்து சேர்ந்து, ஆலைத் தொழிலாளியானார். கடைப் பலகைகளையும் திரைப்பட விளம்பரங்களையும் பார்த்து எழுத்துக் கற்றார். முப்பதுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவற்றுள் 1959ஆம் ஆண்டில் வந்த ‘ஃபகீரா’வுக்கு மகாராஷ்டிர அரசின் பரிசு கிடைத்தது. நம் தமிழில் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஜெயகாந்தன், கட்சி அலுவலகத்திலும் அச்சுக்கூடத்திலும் இருந்தவர்களிடையே படித்து வளர்ந்து, 2002ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு பெற்ற வரலாறும் நாம் அறிந்ததே. இவர்களைக் கண்டு நாம் வியக்கிறோம், வியப்பது முறையே. ஆனால் சாட்டேயைப் பள்ளியிலிருந்து துரத்திய கையை, அவர் மேதையானார் என்ற காரணத்தால் நாம் மன்னித்துவிட முடியுமா?

நூற்கல்வியின் பக்கத்திலும் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. கன்னட எழுத்தாளர் யு.ஆர். அனந்தமூர்த்தி தீர்த்தஹள்ளி வட்டாரத்தில் அக்கிரகாரச் சூழலில் வளர்ந்தவர். அந்த அக்கிரகாரத்தைப் பற்றிய ‘ஸம்ஸ்காரா’ என்னும் நாவலை அவர் எழுதியது எங்கே? ஆராய்ச்சிப் பட்டத்துக்காகச் சென்றிருந்த இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில். அங்கே பார்த்த ஒரு ஸ்வீடிஷ் திரைப்படம் அவர் மனத்தில் பழைய நினைவுகளைக் கிளறிவிட்டது. 1965ஆம் ஆண்டில் நாவல் வெளிவந்தது. மறு ஆண்டில் டாக்டர் பட்டமும் கிடைத்தது. கண்ணுக்கு மிக அருகே வைத்த ஏட்டைப் படிக்க முடிவதில்லை. சற்றே விலக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பிறந்த ஊரை அவ்வாறு விலக்கிப் பிடித்துக் காட்டுவது நல்ல கல்வி செய்யும் பணிகளுள் ஒன்று.

இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று சந்தித்த ஒரு நிகழ்ச்சியை இறுதியாகச் சொல்ல விரும்புகிறோம். கல்கத்தாவில் 1980ஆம் ஆண்டை ஒட்டி மனோரஞ்சன் பியாபாரி என்ற இளைஞர் ரிக்ஷா இழுத்துப் பிழைத்துவந்தார். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதியாக வந்த, ஒடுக்கப்பட்ட நாமசூத்திர சமூகத்துக் குடும்பம். பள்ளியைக் காணாத இளமை. அரசியல் கொந்தளிப்பில் சிக்கிச் சிறை சென்றபோது அங்கேதான் எழுத்துக் கற்றார். வெளியே வந்த பின் கையில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் ரிக்ஷாவின் இருக்கையில் அமர்ந்து படித்தார். படித்த ஒரு நூலில் ‘ஜிஜீபிஷா’ என்ற சொல் வந்தது. பொருள் விளங்கவில்லை. ஒரு நாள் தம் வண்டியில் ஏறிய ஆசிரியை போன்ற அம்மையாரிடம் அச்சொல்லுக்குப் பொருள் கேட்டார். வாழ வேண்டும் என்னும் வேட்கை என்று அவர் விளக்கினார். ரிக்ஷாக்காரர் இச்சொல்லை எங்கே கண்டார் என்று வியந்து விசாரித்தார். பின்னர்த் தாம் நடத்தும் பத்திரிகைக்கு அவருடைய வாழ்க்கையையே எழுதித் தருமாறு கேட்டார். அந்த அம்மையார் மகாசுவேதா தேவி.

மகாசுவேதா தேவி ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர், கல்லூரி ஆசிரியை. ஆனால் முதல் நூலான ‘ஜான்ஸி ராணி’யை எழுத அவர் ஏடுகளோடு நிற்கவில்லை, புந்தேல்கண்டுக்கே சென்று, கிராமத்தார் பாடிய பாடல்களையும் சொன்ன கதைகளையும் திரட்டினார். 1956ஆம் ஆண்டில் அந்நூல் வெளிவந்தது. பின்னர்ப் பழங்குடி மக்களிடையே பல்லாண்டு பழகி, பிர்ஸா முண்டாவின் போராட்டத்தை ‘அரண்யேர் அதிகார்’ என்ற நாவலாக்கினார். தந்தை தொடங்கிய ‘வர்த்திகா’ என்ற பத்திரிகையை ஏற்று, உழவரும் கூலிகளும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதும் இடமாக மாற்றினார். அதில் 1981ஆம் ஆண்டில் பியாபாரியின் எழுத்து அச்சாயிற்று. பிற்காலத்தில் காதுகேளாத பிள்ளைகளின் பள்ளியொன்றில் சமையல் வேலை பார்த்துக்கொண்டே அவர் நூல்கள் பல எழுதினார். 2012ஆம் ஆண்டில் தம் வாழ்க்கை வரலாற்றையும் வெளியிட்டார்.

இந்தச் சந்திப்பில் கல்வி கற்றவர் எவர், அநுபவம் பெற்றவர் எவர் என்று பிரித்துப் பார்க்க நம்மால் இயலுமா? பட்டம் பெற்றவர் காடு மேடெல்லாம் சென்று மக்களிடம் மாணவியானார். பள்ளி காணாதவர் ஒரு சொல்லின் பொருளுக்காக முன்பின் அறியாதவரை நிறுத்திக் கேட்டார். இருவரிடமும் பொதுவாக இருந்தது, தமக்குத் தெரியாததைத் தேடிச் செல்லும் தாகம். பங்கிமரை உழவரிடமும், ரவீந்திரரைப் பத்மா நதிக்கும், பிரேம்சந்தைப் புத்தகக் கடைக்கும், ராஸசுந்தரியை அந்த ஒற்றைத் தாளுக்கும் இட்டுச் சென்றது அந்தத் தாகமே.

ஆகவே நம் வினாவுக்கு விடையை இவ்வாறு சொல்லலாம். எழுத்துக்குக் கருவைத் தருவது அநுபவம், அதில் ஐயமில்லை. அக்கருவுக்கு உருவம் தருவது நூலறிவு, அதிலும் ஐயமில்லை. பட்டம் இவ்விரண்டில் எதுவும் அன்று. அது நூலறிவுக்கு ஒரு வழி, ஒரே வழியன்று. எழுத்தாளராக விரும்பும் இளைஞர், பட்டம் இல்லையே என்று தளரவும் வேண்டாம். பட்டம் இருக்கிறதே என்று வாளாவிருக்கவும் வேண்டாம்.

ஆனால் நாட்டைப் பொறுத்த வரையில் விடை வேறு. பள்ளி இல்லாமலே ஒரு சாட்டே எழுந்தார், ஒரு பியாபாரி எழுந்தார் என்று பெருமை பேசி, பள்ளிகளை மறந்துவிடும் உரிமை நமக்கு இல்லை. அவர்கள் எழுந்தது பள்ளி இல்லாமையால் அன்று. பள்ளி இல்லாதிருந்தும் எழுந்தார்கள். எழ முடியாமற் போனவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் கண்ட வாழ்க்கையை நாம் இனிப் படிக்கப்போவதில்லை. அந்த இழப்பு நம்முடையதே. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் தாய்மொழியில் எழுத்தைக் கொடுத்துவிடுவோம். அநுபவத்தை வாழ்க்கை தானே கொடுத்துவிடும். அதற்கு அது எவரிடமும் சம்பளம் கேட்பதில்லை, எவருக்கும் விடுமுறை தருவதுமில்லை.